லோரி பேட்டரியில் எரிந்த விளக்குகள்

எண்பதுகளின் பிற்பகுதியில் மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு பேட்டரிக் கடையில் வேலை பார்த்தேன். இரண்டு கடைவீடுகளின் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கிய இடம் அது. முன்பக்கம் காருக்கும் லோரிக்கும் பேட்டரி விற்பார்கள். பின்பக்கம் சார்ஜ் ஏற்றும் மேசைகள். உள்ளே நுழைந்ததும் அமில நெடி தொண்டையில் உறைக்கும். போலிடெக்னிக்கில் மின்சாரம் படித்துவிட்டு நான் ஏறி இறங்கிய இடங்களிலெல்லாம் டைப்பிங் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். இந்தக் கடை முதலாளி மட்டும் அதைக் கேட்காமல், ஒரு பழுதான ரெகுலேட்டரைக் கையில் கொடுத்து என்ன கோளாறு என்று பார்க்கச் சொன்னார். மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த உறவுக்காரர்கள் எல்லோரும் அரசாங்க உத்தியோகக்காரர்கள். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இரண்டு தலைமுறை ஆகியும் பேச்சும் மாறவில்லை, உத்தியோகத்தின் மேலிருந்த பிடிப்பும் மாறவில்லை.

"பிள்ளை, படிச்சது ஆசிட் கழுவவோ?" என்றார் அப்பா.

"கழுவேல்லை அப்பா. விக்கிறம்."

"அது இன்னும் மோசம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

முதலாளி செட்டியார் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய அப்பா காலம் வரை வட்டிக்கடை. இவர்தான் பேட்டரிக்கு மாறினார். சிங்கப்பூரில் ஏதோ வியாபாரக் கண்காட்சிக்குப் போய் வந்ததிலிருந்து அவருக்கு சோலார் பித்துப் பிடித்திருந்தது. மாதிரிக்கு வாங்கி வந்த ஒரு சோலார் பலகையைக் கடை வாசலில் சாய்த்து வைத்து, அதில் ஒரு சின்ன மின்விசிறியை இணைத்து, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார்.

"நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்? எண்ணெய்னா கடலுக்கடியில தோண்டணும். நிலக்கரின்னா கப்பல்ல கொண்டாரணும். இது சும்மா தலையில வந்து விழுது லா."

அதை நானும் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். மத்தியான நேரத்தில் கிள்ளான் ஆற்றுப் பாலத்தின் மேல் நடந்துபோகும்போது, உச்சந்தலையில் இறங்குகிற சூட்டை இவ்வளவு காலம் வெறும் தொல்லையாகத்தானே நினைத்திருந்தோம் என்று தோன்றும்.

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் ஒரு தலைமையாசிரியர் கடைக்குள் வந்தார். ஜெஞ்சாரோமுக்கு அப்பால் எண்ணெய்க்குப் பனை வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் தமிழ்ப்பள்ளி நடத்துகிறவர். தோட்டத்து ஜெனரேட்டர் ஆலைக்கும் மானேஜர் பங்களாவுக்கும் அதை ஒட்டி வரிசையாய் இருந்த தொழிலாளர் லயத்து வீடுகளுக்கும் மட்டும் கரண்ட் கொடுத்தது. பள்ளியும் அதைச் சுற்றியிருந்த லயங்களும் தோட்டத்தின் கடைசிக் கோடியில் இருந்தன. அவ்வளவு தூரம் கம்பி இழுக்க நிர்வாகம் மறுத்துவிட்டது. மெயின்ரோட்டில் போகும் அரசாங்க கரண்டும் உள்ளே வரவில்லை. அந்த வருஷம் மண்ணெண்ணெய் விளக்கு சரிந்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கை முழுக்க வெந்துபோயிருந்தது. அதற்கப்புறம்தான் அவர் அடிக்கடி கோலாலம்பூர் வந்து அங்கே வசதியாக இருப்பவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து பிள்ளைகள் படிக்க லயத்து வீடுகளுக்கெல்லாம் விளக்குப் போட நன்கொடை திரட்டியிருந்தார்.

முதலாளி என்னையே திட்டம் போடச் சொன்னார். உற்சாகமாக உட்கார்ந்தேன். பலகைகளின் விலை கைக்கு எட்டுகிற மாதிரிதான் இருந்தது. பேட்டரிக்கு வந்தபோதுதான் இடித்தது.

லோரி பேட்டரி இஞ்சினைக் கிளப்புவதற்குச் செய்தது. ஒரு நொடி பலமாக உந்திவிட்டு ஓய்ந்து உட்கார்ந்துவிடும். இஞ்சின் ஓட ஓட அது மறுபடி நிறையும். அதைத் தினமும் சாயங்காலம் அடிமட்டம் வரை உறிஞ்சினால் அதன் மெல்லிய தகடுகள் கெட்டுப்போகும். விளக்குக்கென்று தடித்த தகடு வைத்த பேட்டரி வேறு உண்டு. அது பல வருஷம் தாங்கும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். எல்லா வீட்டுக்கும் போதுமான அளவு வாங்கினால் பலகைகளின் விலையைத் தாண்டிவிடும். சில வருஷங்களில் அதையும் மாற்றித்தான் ஆகவேண்டும். வெயில் இலவசமாகக் கிடைத்தது. அந்த வெயிலை இருட்டும் வரை பிடித்து வைக்கிற பெட்டிக்குத்தான் விலை.

"விளக்குகளைப் பாதியாக் குறைச்சா நல்ல பேட்டரி போடலாம்" என்றேன்.

தலைமையாசிரியர் உடனே தலையாட்டி மறுத்தார். "ஒரு லயத்துக்கு வெளிச்சம், அடுத்த லயத்துக்கு இருட்டுன்னா வெட்டுக்குத்துல முடியும் மிஸ். போட்டா எல்லா வீட்டுக்கும் போடணும்."

முதலாளி மேசையைத் தட்டினார். "லோரி பேட்டரி போட்டா எல்லா வீட்டுக்கும் ஒரு விளக்கு வரும். நம்மகிட்டயே இருக்கு."

"ஒரு வருஷம்கூடத் தாங்காது பாஸ்."

"அதுக்குள்ள அரசாங்க கரண்ட் வந்துரும் லா. பாரு."

தலைமையாசிரியர் லோரி பேட்டரிக்கே சம்மதித்தார். கிளம்பும்போது வாசல்வரை கூடப்போய், "சார், நிஜமாவே தாங்காது. ஆளுங்ககிட்ட இப்பவே சொல்லிடுங்க" என்றேன். அவர் குடையை விரித்தபடி, "முதல்ல எரியட்டும் மிஸ்" என்றார். அதில் பொய்யோ தந்திரமோ இல்லை. வெந்த கையைப் பார்த்த மனிதர் அவர்.

பலகைகளை ஆயாக் கொட்டகையின் கூரையில் பொருத்தினோம். அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்கிற கொட்டகை அது. சுற்றிலும் மரமில்லாமல் வெயில் நன்றாக விழுந்த இடம் அது ஒன்றுதான். பக்கத்தில் தகரக் கொட்டில் கட்டி அதற்குள் பேட்டரிகளை வரிசையாக வைத்தோம். அதைக் கவனித்துக்கொள்ள, கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவையே தேர்ந்தெடுத்தார்கள். நாற்பது வயது இருக்கும். புருஷன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி கவிழ்ந்து செத்துப்போனவர். ஒரே மகள் பந்திங்குக்குப் பஸ்ஸில் போய் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள், மறு வருஷம் பள்ளியிறுதிப் பரீட்சை.

இருட்டியதும் கொட்டிலில் வீட்டுக்கொன்றாக இருந்த சுவிட்சுகளைப் போடவேண்டும். பத்து மணிக்கு அணைக்கவேண்டும். பேட்டரித் தண்ணீர் குறைந்தால் ஊற்றவேண்டும். பலகையில் படியும் தூசியைத் துடைக்கவேண்டும். நான் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் அந்த அம்மா ஒருமுறை திருப்பிச் சொன்னார். கொட்டில் சாவியைத் தாலிக்கயிறு இல்லாத கழுத்தில் ஒரு நூலில் கோத்து மாட்டிக்கொண்டார்.

முதல் நாள் பொழுது சாய்ந்ததும் சுவிட்சுகளைப் போட்டோம். லயம் முழுக்க ஒவ்வொரு வாசலிலும் ஒரு சின்னக் குழல் விளக்கு மினுக்கிப் பற்றியது. கைதட்டல் எதுவும் இல்லை. எல்லோரும் அவரவர் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஒருவர் உள்ளே போய்க் கண்ணாடியும் சவரக்கத்தியும் எடுத்து வந்து விளக்கடியில் உட்கார்ந்து முகம் வழிக்க ஆரம்பித்தார். "நாளைக்குக் காலையில வழிக்கலாமேண்ணே" என்று யாரோ சிரித்தார்கள். "காலையிலயா? இருட்டோட குலை வெட்டப் போறப்ப மூஞ்சி எங்க தெரியுது?" என்றார் அவர். அந்த ஆயாவின் மகள் வாசற்படியில் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். முதலாளியின் கண்கள் கலங்கியிருந்ததை வேனில் திரும்பும்போது பார்த்தேன்.

சில மாதங்கள் ஒரு குறையும் இல்லாமல் எரிந்தன. பிறகு மழைக்காலம். நாள் முழுக்க வானம் மூடியே கிடந்தது. பேட்டரி நிறைவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பந்து விளையாட்டு நடந்த நாட்களில் யாரோ கொட்டிலுக்குப் பின்னாலிருந்து கம்பி இழுத்து டிவி பார்த்திருக்கிறார்கள் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன். விளக்குகள் ஒன்பதுக்கு மங்கின, பிறகு எட்டுக்கு. அடுத்த வெயில்காலம் வந்தும் தேறவில்லை. பகலெல்லாம் வெயில் கொளுத்தும். விளக்கு ஏற்றினால் சமையல் முடிவதற்குள் அணைந்துவிடும்.

இதெல்லாம் எனக்கு உடனுக்குடன் தெரியவரவில்லை. ஒருநாள் காலை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் அந்த ஆயா வாசலில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கழுத்து நூலைக் கழற்றிச் சாவியை மேசை மேல் வைத்தார்.

"இத நீங்களே வச்சிக்குங்க மிஸ்."

"என்னம்மா ஆச்சு?"

"நான் பேட்டரியக் கொன்னுட்டேனாம். தோட்டமே சொல்லுது."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். பத்து மணிக்கு எல்லா வீட்டு விளக்கையும் அணைத்தபின், தன் வீட்டு விளக்கை மட்டும் மகள் படிப்பதற்காகச் சிறிது நேரம் எரியவிட்டிருக்கிறார். அதை யாரோ பார்த்துவிட்டார்கள். விளக்குகள் படுத்ததும் அந்தப் பேச்சு கிளம்பியது. ஊர்ச் சொத்தைத் தன் மகளுக்குத் திருடிக் கொடுத்தாள் என்றார்கள். பேட்டரித் தண்ணீருக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள் என்று இன்னொரு பேச்சு. இவர் வீட்டு வாசலில் குப்பையைக் கொட்டினார்கள். கைக்குழந்தைக்காரிகள் சிலர் கொட்டகையில் பிள்ளையை விடாமல் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் விட்டுப் போனார்கள். பிள்ளைகள் வராத ஆயாவுக்கு எதற்குச் சம்பளம் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி கேட்டாராம்.

"விளக்க விட்டது உண்மைதான் மிஸ். இல்லேங்கல. அந்த ஒத்த விளக்கா அம்புட்டுப் பேட்டரியையும் சாகடிக்கும்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

"இல்லம்மா. அது சாகடிக்காது."

அவர் முகத்தில் ஆறுதல் வரவில்லை. "எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு?" என்றார்.

அன்றைக்கே வேனை எடுத்துக்கொண்டு அவரோடு போனேன். கொட்டிலுக்குள் அனல். பேட்டரி ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து, அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிப் பார்த்தேன். மிதக்கவேண்டிய மிதவை ஒவ்வொன்றிலும் அடியில் போய்ப் படுத்தது. தண்ணீர் சரியான மட்டத்தில் இருந்தது. முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்காமல் துடைத்து கிரீஸ் தடவியிருந்தார். ஒரு பேட்டரியைக் கடைக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்த்தோம். தகடுகள் வெள்ளை பூத்துப்போயிருந்தன. முதலாளி ஒரு தகட்டை எடுத்து விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"பாஸ், ஞாயித்துக்கிழமை தோட்டத்துக் கோயில்ல இதுக்குக் கூட்டம் போடுறாங்க. நாம போய்ச் சொல்லணும்."

"என்னன்னு?"

"இது இந்த வேலைக்கான பேட்டரி இல்லன்னு. யார் பார்த்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்னு."

"சொன்னா அந்தம்மா தப்பிச்சுக்கும். அப்புறம் கிள்ளான்ல எவன் என்கிட்ட சோலார் வாங்குவான்? நான் ஏமாத்தணும்னு நெனச்சேனா? அவங்ககிட்ட இருந்த காசுக்கு வேற என்ன செய்ய முடிஞ்சது?"

அவர் கேட்டது நியாயம்தான்.  ஆனால் அந்த அம்மாவின் வாசலில் கொட்டிய குப்பைக்கு அது பதிலாகாது. நான் போகிறேன் என்றேன். அவர் வேன் சாவியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாரியம்மன் கோயில் முன்னால் தகரப் பந்தலின் கீழ் எல்லோரும் கூடியிருந்தார்கள். தலைமையாசிரியர் முன்வரிசையில் நாற்காலியில். ஆயாவும் மகளும் கடைசியில் தூணருகே நின்றார்கள். அவர்களைச் சுற்றி இடம் காலியாக இருந்தது. ஒரு மண்டோர்தான் கூட்டத்தை நடத்தினார். வேலைக்களத்தில் ஆட்களை மேய்க்கிறவர். குரலில் அது தெரிந்தது. பேட்டரி விவகாரத்துக்கு ஒரு முடிவு கட்டவேண்டும், பொறுப்பில் இருந்தவர் பதில் சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தார். தலைமையாசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பார் என்று கொஞ்சநேரம் காத்திருந்தேன். திறக்கவில்லை.

எழுந்து நின்றேன்.  அறுத்த தகட்டைக் கையில் தூக்கிக் காட்டி, லோரி பேட்டரிக்கும் விளக்குப் பேட்டரிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். ஒரு விளக்கைச் சற்று நேரம் கூட எரியவிட்டதால் இது நடக்கவில்லை, தண்ணீரும் சரியாகத்தான் ஊற்றப்பட்டிருக்கிறது, பேட்டரிகள் தம் இயல்புப்படிதான் செத்திருக்கின்றன என்றேன்.

"அப்ப இது தாங்காதுன்னு மொதல்லயே தெரியுமா?" என்று ஒருவர் கேட்டார். முதல் நாள் விளக்கடியில் முகம் வழித்தவர்.

"தெரியும்ணே. சொன்னேன். எல்லா வீட்டுக்கும் விளக்கு வேணும்னா இதுதான் கட்டுப்படியாச்சு."

"யாருகிட்டச் சொன்னீங்க? எங்ககிட்டயா?"

தலைமையாசிரியர் எழுந்தார். "எங்கிட்டச் சொன்னாங்க" என்றார். "நான்தான் உங்ககிட்ட வந்து சொல்லல. சொல்லியிருந்தா வேண்டாம்னு விட்டிருப்பீங்க. பிள்ளைங்க ஒரு வருஷமாவது வெளிச்சத்துல படிக்கட்டும்னு நெனச்சேன்."

பந்தலே கொதித்தது. எங்களை என்ன மடையன்னு நெனச்சியா என்று ஒருவர் கத்தினார். தெரிஞ்சே குப்பைய வித்துட்டுப் போயிருக்கானுங்க என்று இன்னொருவர். சத்தம் அடங்கிய பிறகு மண்டோர் கேட்டார்: "சரி மிஸ். அந்த நல்ல பேட்டரி போட்டா எவ்ளோ ஆகும்?"

சொன்னேன். ஒரு வீட்டின் பங்குக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் வந்தது. சில வருஷங்கள் கழித்து மறுபடியும் போடவேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

 கோபத்துக்குக்கூட வழியில்லாமல் போய்விட்டது. ஒவ்வொருவராக எழுந்து துண்டை உதறிக்கொண்டு கலைந்தார்கள். மண்டோர் போகிற போக்கில், "அந்தம்மா மேல தப்பில்லேங்குறாங்க. விடுங்க" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மாவிடம் போய் ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வாம்மா, வீட்டுக்குப் போலாம்."

பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் திரும்பியதும் குளியலறையில் நின்று அழுதேன். வெளியே வந்தபோது அப்பா தேநீர் போட்டு வைத்திருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "உண்மையைச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறாய். பிறகேன் அழுறாய்?" என்றார். ஏனென்று சொல்லத் தெரியவில்லை. எல்லோருடைய முகத்திலும் வெளிச்சத்தை அணைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. சில வாரங்கள் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. பிறகு ஒருநாள், அவரே தருவித்த இரண்டு நல்ல பேட்டரிகளைக் காட்டி, "பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுரு. காசு கேக்காத" என்றார். தலைமையாசிரியர் தன் பழைய பிடிவாதத்தை விட்டிருந்தார். பள்ளியின் ஒரே ஒரு வகுப்பறையில் விளக்கு எரிந்தது. பரீட்சைப் பிள்ளைகள் சாயங்காலம் அங்கே வந்து படிக்கலாம். வீடுகள் மண்ணெண்ணெய்க்குத் திரும்பின. மிச்சப் பலகைகளில் ஒன்றைப் பேட்டரி இல்லாமலே ஆயாக் கொட்டகையில் மாட்டிய ஒரு மின்விசிறிக்கு நேரடியாக இணைத்தேன். வெயில் அடிக்கும்போது சுற்றும். மேகம் வந்தால் நிற்கும். தொட்டில் பிள்ளைகளுக்கு அது போதுமாக இருந்தது. விட்டுப்போன தாய்மார் மெல்ல மெல்லக் கொட்டகைக்குத் திரும்பினார்கள்.

அந்த மகள் மட்டும் பள்ளி விளக்குக்குப் போகவில்லை. போனால் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று மறுத்துவிட்டாள். பரீட்சை முடியும் வரை பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று ஆயாவிடம் கேட்டேன். அப்பாவைக்கூடச் சம்மதிக்க வைத்திருந்தேன். ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல மனசுல கேக்குறீங்க மிஸ். வேணாம். இன்னொருத்தர் வீட்டு வெளிச்சத்துல அவள உக்கார வைக்க எனக்குத் தெம்பில்ல."

அந்தப் பெண் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தே பரீட்சை எழுதினாள். பாஸ் செய்தாள், மேலே படிக்கிற அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. ஷா ஆலமில் ஒரு எலெக்ட்ரோனிக்ஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலைக்குச் சேர்ந்தாள். வெளிச்சம் இருந்திருந்தால் என்னவாகியிருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் அதை எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் நான் கோலாலம்பூரில் ஒரு ஆலோசனை நிறுவனத்துக்கு மாறியிருந்தேன். ஹோட்டல் அறைகளில் குளிரூட்டிக் காற்றில் கூட்டங்கள் நடக்கும். நம் நாட்டின் மேல் விழுகிற வெயிலைப் படமாகத் திரையில் போட்டு, இவ்வளவு வளம் வீணாகிறது என்பார்கள். யாராவது சேமித்து வைக்கிற செலவைக் கேட்டால், விலை இறங்கும், பொறுத்திருப்போம் என்பார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. எவ்வளவு காலம் பொறுப்பது, அதுவரை இருட்டில் யார் இருப்பது என்றுதான் அங்கே யாரும் பேசவில்லை. நானும் ஓரிரு முறை எழுந்து கேட்டிருக்கிறேன். மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போவார்கள்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை நெரிசலில் அந்த ஆயாவைப் பார்த்தேன். அவர்தான் என் தோளைத் தட்டினார். தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றுவிட்டார்களாம், லயங்களை இடித்தாகிவிட்டது. மகளுக்குக் கல்யாணமாகி கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள், இவரும் அவளோடுதான். பேரப்பிள்ளைக்குச் சட்டை வாங்க வந்திருந்தார். ஒரு ஓரமாக நின்று நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடித்தோம்.

"இப்ப வீட்டுல எந்நேரமும் கரண்டு இருக்கு மிஸ்" என்றார். "ஆனா ஒரு ரூம்புல ஆளில்லாம லைட்டு எரிஞ்சா எனக்கு ஒடம்பே பதறுது. எழும்பி எழும்பிப் போய் அணைக்கிறேன். மக சண்டை போடுறா. 'இது நம்ம வீட்டு கரண்டும்மா, நாமதான் பில்லு கட்டுறோம், யாரு நம்மளக் கேக்கப்போறா'ங்குறா."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"ஒண்ணும் சொல்றதில்ல. அவ அந்தப் பக்கம் போனதும் அணைச்சிருவேன்."

சிரித்தார். கூடச் சேர்ந்து சிரிக்க எனக்கு வரவில்லை. கிள்ளான் பஸ் நிற்கும் இடம்வரை அவருடைய துணிப்பையை நான் தூக்கிக்கொண்டு போனேன்.